பின்னால் வந்த மாமா

கார் திருத்தும் கராஜில் இன்று கருகிய எண்ணெய் மணத்தபோது, பழைய வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

யுத்த காலத்தில் மாமா, உழவு இயந்திரத்தில் இறுகிப்போய் இதே எண்ணெய் மணத்த பிஸ்டனைச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு, அதேபோல் ஒன்று வாங்க சண்டை நடந்த வன்னியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளவத்தையில் மாமாவையும் அப்பாவையும் என்னையும் மறித்த ஆமிக்காரன் சாரத்தை விரித்து, அரைகுறைத் தமிழில், "என்ன இது?" என்றான்.

"உழவு மெசின்ட பிஸ்டன், ஐயா. டீசல் இல்லை. மண்ணெண்ணெயில ஓட்டி இறுகிப்போச்சு," என்றார் மாமா.

"இவர் உங்கட ஆளா?" என்று அவன் அப்பாவைக் கேட்டான்.

"தெரியாது," என்ற அப்பா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.

சற்று நேரத்தில் மாமாவை விட்டுவிட்டார்கள். அவர் எங்களோடு சேராமல் வீடுவரை தள்ளியே வந்தார். கதவைச் சாத்திய பிறகுதான், "அவன் பாத்துக்கொண்டு நிண்டவன், அத்தான். அதுதான் கிட்ட வரேல்லை," என்றார்.

மாமா திரும்பிப் போகும்வரை அப்பாவும் நானும் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.