பதினான்கு கட்டங்களில் அடங்காத மோப்பம்

“நான் பாக்குற வேலைய எழுதறதுக்குப் பேப்பரும் பொறக்கல, பேனாவும் பொறக்கல. இது பொறவியிலேயே வரணும்.”

அறுவைசிகிச்சை வார்டின் நடுவில், கையில் மருந்துத் தட்டோடு நின்று இப்படிப் பிரகடனம் செய்தவர் அந்த வார்டின் மூத்த செவிலியர். இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் மோப்ப அக்கா. கட்டிலுக்குப் பத்தடி தள்ளி நின்றே ‘இவருக்கு ஏதோ சரியில்ல’ என்பார். அரை மணி நேரத்தில் ஏதோ சரியில்லாமல் போய்விடும். அக்கா தன்னைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இளம் டாக்டர் ஓடிப்போய்த் தனக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட வரலாறும் உண்டு.

பிரகடனத்துக்குக் காரணம் ஒரு படிவம். தன்னிடம் வேலை பார்க்கும் செவிலியர்களில் யார் யார் நிபுணர் என்று கண்டுபிடித்தே தீருவது என மருத்துவமனை நிர்வாகம் திடீரென்று முடிவெடுத்தது. மொத்தம் பதினான்கு கட்டங்கள். நீங்கள் எடுத்த முக்கியமான முடிவு எது? எதைக் கவனித்தீர்கள்? படிவத்தைப் பரிசீலிக்கும் குழுவின் முன் தேறினால் அதே வார்டு. தேறாவிட்டால் துணிக்கிடங்கு, மிச்சக் காலம் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். படுக்கை விரிப்புக்குக் காய்ச்சல் வராது, நாடி இறங்காது. அங்கே மோப்பத்துக்கு என்ன வேலை?

இருந்தாலும் அக்கா வீறாப்பை விடவில்லை. ஐந்தே நிமிடத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில்: அனுபவம். மறுநாள் அது திரும்பி வந்தது. ‘பிறந்த தேதிக்கு எதிரிலும் அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள்’ என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. இன்னும் மூன்று நாள் அவகாசம்.

வீட்டில் இருந்தவள் நாத்தனார். நீதிமன்றத் தட்டச்சர். சாட்சி இருமினால் அதையும் அடித்துவைக்கும் ரகம். அண்ணியை மேஜைக்கு எதிரில் உட்காரவைத்துக் கணினியைத் திறந்தாள். அக்காவின் கணவர், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அறிந்த பெருந்தகை. துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார்.

எடுத்துக்கொண்டது போன மாதத்துப் பேருந்து ஓட்டுநரின் கதை. குடல் அறுவைசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மிஷினில் எல்லா எண்களும் சமர்த்தாக இருந்தன. அக்கா மட்டும் டாக்டரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தார். பார்த்தால், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டர். ஆள் பிழைத்தார்.

“எப்படித் தெரிஞ்சுது அண்ணி?”

“தோணுச்சு.”

“தோணுச்சுன்னு அடிச்சுக் குடுத்தா, உங்கள ஜோசியம் பாக்க உக்கார வச்சுடுவாங்க. தோணறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?”

பதினைந்து வருஷம் குறுக்கு விசாரணை கேட்ட காது. அவளை ஏமாற்ற முடியவில்லை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் வார்டையே சிரிக்கவைத்த மனிதர் பதினோரு மணிக்குப் போர்வையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா உதட்டை நனைத்துவிட்டு நகர்வதற்குள் மறுபடி தண்ணீர் கேட்டார். நாடி எண்பதிலிருந்து தொண்ணூற்றாறு. நூறைத் தாண்டாததால் மிஷின் வாயைத் திறக்கவில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. பாதம் சில்லென்றிருந்தது. கால் நகத்தை அழுத்திவிட்டபோது சிவப்பு திரும்பி வர நேரமானது. உடம்புக்குள் ரத்தம் குறைகிறது என்பதற்கு எல்லாமே அடையாளம்.

“நகத்த எப்ப அழுத்தினீங்க?”

“போர்வைய சரி பண்றப்போ...” அக்கா பாதியில் நின்றார். தன் கட்டைவிரலையே யாரோ புது ஆளைப் போலப் பார்த்தார். “ஆமா, அழுத்தியிருக்கேன்ல?”

இத்தனையையும் அன்றைக்கு அக்கா கவனிக்க ஆன நேரம் நாற்பது நொடி. கொலை வழக்கிலும் நிற்காத நாத்தனாரின் விரல்கள் நின்றன. எதிரில் இருப்பது, தினமும் சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப்போடும் அதே அண்ணிதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

பிறவியிலேயே என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். வெளியே வந்ததோ வேறு கணக்கு. நகம், குழந்தைகள் வார்டில் மூன்றாம் வருஷம் பழகியது. நெருங்கும் எண்கள், கோபக்கார மயக்கமருந்து டாக்டர் ஒருவரிடம் திட்டு வாங்கிக் கற்றது. தாகம், ஆறாம் வருஷம்.

“ஒரு அம்மா. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வெயிலுக்குக் கேக்குறாங்கன்னு நெனச்சேன். சாயங்காலம் அந்தக் கட்டில் காலி.”

நாத்தனார், வாழ்க்கையில் முதல் தடவையாக, காதில் விழுந்ததை அடிக்கவில்லை. அக்காவே கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அந்த வரியை அடித்தார்.

குழுவில் மூன்று பேர். தலைவி பக்கங்களைப் புரட்டிவிட்டு, இதெல்லாம் சிலருக்கு மட்டும் வாய்க்கிற வரம், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதே என்று பெருமூச்சு விட்டார்.

“அப்படி இல்லீங்க மேடம்,” என்றார் அக்கா மெதுவாக. “ரெண்டாம் பக்கத்துல, எதை எப்படிப் பாக்கணும்னு எழுதியிருக்கேன். படிச்சா யாருக்கும் வந்துடும்.”

இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த, குழுவில் ஒருவரான அறுவைசிகிச்சை டாக்டர் நிமிரவில்லை. தன் கட்டைவிரல் நகத்தை ஒருமுறை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.