விருந்தாளிக்குக் காட்டிய விரல்

என் மகளின் வலியை நான் வேடிக்கையாக்கினேன். அவள் சிறுமியாக இருந்தபோது கொரட்டூர் வீட்டுக்கு யார் வந்தாலும், "ஸ்டெல்லா, அங்கிளுக்குக் காட்டும்மா" என்பேன். அவள் கட்டைவிரலை மணிக்கட்டோடு வளைத்து முன்கையில் ஒட்டுவாள். வலிக்கிறது என்றால், "நடிக்காதே" என்பேன்.

இப்போது நாற்பது வயதில் அவளுக்கு ஓயாத மூட்டுவலி. "பொறவியிலயே மூட்டு ரொம்ப நெகிழ்வு சார். வளைக்கவே வேணாம். சுவத்துல கைய வெச்சு மெதுவா அழுத்தினா போதும், தசை பலமாகி மூட்டத் தாங்கும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

தினமும் அவளோடு நானும் அழுத்துகிறேன். "இன்னாப்பா, சுவரு உழுந்துடப் போவுது" என்று சிரிக்கிறாள். வலி சற்றுக் குறைந்திருக்கிறது.

நேற்று மதியம் அவள் தூங்கும்போது அழைப்பு மணி அடித்தது. அவள் விழிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் தானாக மடங்கி, முன்கையைத் தொட்டு நின்றது.

நான் கதவைத் திறக்கவில்லை. அந்த விரலை மெல்ல நிமிர்த்தி, என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.