ஜூலியன் கண்டுபிடித்த கும்பிடு

இந்த நாட்டு நாடகக்காரர் எல்லோரையும் ‘டார்லிங்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் என் மனைவி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கண்ட முதல் நிமிஷத்திலேயே கூப்பிட்டுவிட்டான். கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது. பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் வைத்த பொதுப்பெயர் அது என்று பிறகுதான் விளங்கியது.

அவன்தான் ஜூலியன், ஒப்பெரா என்கிற பாட்டு நாடகத்துக்கு டைரக்டர். எண்பதுகளின் நடுவில் லண்டனில் தேவாலய மண்டபம் ஒன்றில் வாடகைக் கதிரைகளைப் போட்டு ஒப்பெரா நடத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலில் சும்மா கிடக்கிறேனே என்று, மேடையில் பாடாமல் நிற்க ஆள் தேடிய விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். ஊரில் நானும் டைரக்டர்தான், சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிவிட்டது, ஆனால் கோயில் திருவிழாக்களில் இசைநாடகம் போட்டவன். எங்கள் எமன் கயிற்றை எறிந்த பிறகும் பாட்டு முடியும்வரை மரியாதையாக நிற்பார். இங்கே கத்திக்குத்து வாங்கியவள் விழாமல் கால் மணித்தியாலம் பாடினாள். பாஷை விளங்காவிட்டாலும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

எனக்கு ஈட்டி பிடிக்கிற வேலை. முதல் ஒத்திகையில், பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி, மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். ஜூலியன் கத்தினான். வேலை போனது என்று நினைத்தேன். அவனோ ஓடிவந்து, “இன்னொருமுறை செய்!” என்றான். பிறகு முப்பது வெள்ளைக்காரரையும் அப்படியே செய்யவைத்தான். அந்தச் சொக்ஸ் மணத்துக்குச் சாமியே எழும்பி ஓடியிருக்கும். அரங்கேற்றத்தன்று சபையோ எழும்பி நின்று கைதட்டியது. பத்திரிகைகள் அந்தக் காட்சியைத்தான் புகழ்ந்தன. ஜூலியன் என்னைக் கட்டிப்பிடித்து, “அடுத்த ஒப்பெராவில் நீ என் பக்கத்துக் கதிரையில்” என்றான். அது உதவி டைரக்டரின் கதிரை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

“கதிரை எங்கட வீட்டிலயும் நாலு கிடக்கப்பா,” என்றாள் மனைவி. “அப்ப ஈட்டியை ஆர் பிடிக்கிறது?”

அந்த ஒரு காட்சி ஜூலியனைப் பெரிய அரங்குகளுக்கும், பிறகு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் தூக்கிக்கொண்டு போனது. லண்டன் வரும்போதெல்லாம் “அடுத்தமுறை” என்பான். நான் ஈட்டியோடு காத்திருந்தேன். இதற்கிடையில், ஊரில் நான் நாடகம் போட்ட மேடையில் சண்டையில் ஷெல் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தது. இனி எங்காவது நான் டைரக்டர் என்றால், அது அந்தக் கதிரையில்தான்.

தொண்ணூறுகளில் அதே ஒப்பெராவைப் பெரிய அரங்கில் திரும்பப் போட்டார்கள். பழைய கூட்டத்தில் மிஞ்சியது நான் மட்டும். அந்தக் கதிரையில், யூனிவர்சிட்டியில் நாடகம் படித்த எம்மா என்ற பிள்ளை இருந்தாள். பழைய வீடியோவைப் பார்த்து எங்களைப் பழக்கினாள். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றியதும் நிறுத்தினாள்.

“கண் இல்லை, நெற்றி. வீடியோவில் எல்லாரும் நெற்றியைத்தான் தொடுகிறார்கள். இது கிழக்கு நாட்டுச் சடங்கு, மரியாதையாகச் செய்யவேண்டும்.”

வீடியோவில் தெரிந்தது, கண்ணில் ஒற்றத் தெரியாமல் நெற்றியைத் தொட்ட அந்த முப்பது பேர். நான் அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் நின்றவன்.

“இது என்னுடையது,” என்றேன், தெரிந்த இங்கிலிஷில்.

அவள் ஈட்டியைப் பார்த்து, “ஆமாம், நீங்களே வைத்திருங்கள்,” என்றாள்.

கடைசி ஒத்திகைக்கு ஜூலியன் வந்தான். அந்தக் கும்பிடு எங்கிருந்து வந்ததென்று அவனிடமே கேட்டேன். தோளில் கைபோட்டு, “இந்தியாவில் ஒரு கோயில் வாசலில் பார்த்தேன், டார்லிங். என் வாழ்க்கையே மாறிவிட்டது,” என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். கள்ளனென்றால் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஊரில் நாடகம் பிடிக்காவிட்டால் கல்லெறிவார்கள், எறிகிறவனுக்கு எறிபடுகிறவனைத் தெரிந்திருக்கும். இங்கே கைதட்டிக்கொண்டே ஆளை மறந்துவிடுகிறார்கள். வீரனாகிய நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு காட்சிக்கும் ஒழுங்காக நெற்றியைத் தொட்டேன். எம்மா “பெர்பெக்ட்” என்றாள்.

அடுத்த வருஷம் வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் சனத்துக்கு இசைநாடகம் போட்டேன். டைரக்டர் நானே, கதிரையும் நானே கொண்டுபோனேன். மேடையைத் தொட்டேன். கை நேரே நெற்றிக்குப் போனது. ஊரில் என் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த சிவம் சிரித்தான்.

“என்ன அண்ணை, சல்யூட் அடிக்கிறியள்? மேடை என்ன பொலிஸ்காரனோ?”

“சும்மா பகிடிக்கடா,” என்றேன்.

திரும்பக் குனிந்து தொட்டேன். கை எழும்பிவந்து புருவத்தில் நின்றுவிட்டது. கண்ணுக்கு இறங்கவும் இல்லை, நெற்றிக்கு ஏறவும் இல்லை. சிவம் சுருதியைப் பிடித்தபடி காத்திருந்தான்.