அப்போதிக்கரியார் வீட்டுக் கலியாணம்

கோப்பாய் ஆழ்வாப்பிள்ளை அரசாங்க ஆசுபத்திரிகளில் அப்போதிக்கரியாக, அதாவது டொக்டர் பட்டமில்லாமல் மருந்து கொடுத்து வைத்தியம் பார்ப்பவராக, வேலை பார்த்து இளைப்பாறியவர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மகள் பத்மாவதியின் கலியாண அழைப்பிதழின் மாதிரியைக் கையில் வாங்கியதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் கடதாசி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பித் தாளில் அடித்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். 'டொக்டர் ஆழ்வாப்பிள்ளை' என்று போட்டிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உதை ஆர் போடச் சொன்னது?"

"நான்தான்" என்றார் மாப்பிள்ளையின் மாமன் பரமலிங்கம். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த களைப்பு அவருக்கு. "கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்களுக்கு அப்போதிக்கரி எண்டால் என்னெண்டு விளங்குமே?"

"விளங்காட்டிக் கேளுங்கோ. கிரேக்கத்திலை பண்டசாலைக்கு இருந்த பேர். பிறகு இங்கிலாந்திலை மருந்துச் சரக்கு விக்கிறவனுக்கு வந்தது. அவங்கள் மருந்து கலந்து, போகப்போக வருத்தம் பார்த்து வைத்தியமும் செய்யத் தொடங்கினாங்கள். அங்கை அந்தப் பேர் ஒழிஞ்சு போக, இஞ்சை எங்கடை தலையிலை கட்டிவிட்டாங்கள்."

பரமலிங்கம் கொட்டாவியை அடக்கினார்.

இந்த அலட்சியம் ஆழ்வாப்பிள்ளைக்குப் புதிதல்ல. அந்த ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதிய ஒரு கிளாக்கரை அவர் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. டொக்டர்மார் அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னதுமில்லை. கடைசியில் சுகாதாரத் திணைக்களமே அந்தப் பேரைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சூட்டியது. இவ்வளவையும் பொறுத்தவன் இப்போது ஊரான் பட்டத்தைத் திருடிப் போட்டுக்கொள்வதா?

"டொக்டரை வெட்டுங்கோ. இல்லாட்டிக் கலியாணம் வேண்டாம்."

உள்ளே நின்ற பத்மாவதி வெளியே வந்தாள்.

"அப்பா, எனக்கு முப்பத்தாறு வயசு. முந்திக் குழம்பின சம்பந்தமெல்லாம் உங்கடை வாயாலைதான் குழம்பினது. இதையும் குழப்பாதையுங்கோ."

அவர் மாதிரியைப் பரமலிங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். அழைப்பிதழ் அப்படியே அச்சாகி வந்தது.

அதை வீடு வீடாகக் கொண்டுபோய் வாயாலும் சொல்ல வேண்டும். சொல்லாத கலியாணத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். மனைவி கமலாவதியோடு அவர் முதலில் போனது தோட்டக்காரர் தியாகராசா வீட்டுக்கு. ஒருகாலம் நெருப்புக் காய்ச்சலில் கிடந்து, ஆழ்வாப்பிள்ளையின் கையால் மருந்து குடித்துப் பிழைத்த மனுசன். அவருக்கு இவர் என்றைக்கும் அப்போதிக்கரியார்தான்; சொந்தப் பேர் தெரியாது. அழைப்பிதழை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் ஐயா இந்த டொக்டர்? அவருக்கு வர ஏலாதோ, நீங்கள் வந்து சொல்லுறியள்?"

"அவரை எனக்கும் தெரியாது. கலியாணப் பொம்பிளை என்ரை பிள்ளை. நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.