மாறாத வட்டியும் எழுதாத உறுதியும்

யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக் கூட்டுறவு வங்கியில் சண்முகநாதன் இருபத்தெட்டு வருடம் சிற்றூழியராக இருந்தவர். கோப்புத் தூக்கினார், தேநீர் வாங்கி வந்தார். ஊர் அவரை அறிந்தது வாசல் பலகையால்தான். வட்டி வீதம் மாறும் நாளில் ஸ்டூல் போட்டு ஏறிப் பழைய இலக்கத் தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். ஒன்பது போதாவிட்டால் ஆறைத் தலைகீழாக மாட்டிச் சமாளிப்பார்.

"என்ன அண்ணை, ஏத்திறியளோ, இறக்கிறியளோ?" என்று கீழே நின்று மீன்பிடி வள்ளக்காரர் கேட்பார்கள்.

"நான் ஏறித்தான் நிக்கிறன். வட்டியை மனேஜரிட்டைக் கேளுங்கோ."

தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது தகடுகளைத் தகர பிஸ்கட் பேணியில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொடிகாமம் போனார். பள்ளிக்கூட விறாந்தையில் ஒரு மேசைதான் வங்கி. வீட்டுக்கடன் இருபது வீதம் என்று மாட்டினார். வீட்டை விட்டு வந்த சனம் அதைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றும் அவர் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல மாதம் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் வருடங்களை வட்டியால்தான் நினைவு வைத்திருந்தார். மகள் சுபாஜினி பிறந்தது வட்டி பதினாறில் நின்றபோது. தங்கைக்குக் கலியாணம் பதினெட்டில்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வங்கி ஒன்பதரைக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மாறாத வட்டி. வீட்டுக்கடனுக்கு ஒற்றை இலக்கத்தை அவர் ஒருநாளும் மாட்டியதில்லை. ஆஸ்பத்திரியில் தாதியான சுபாஜினி அரியாலைக் காணியில் வீடு கட்ட ஆசைப்பட்டாள். ஆனால் காணி அவளுடைய பெயரில் இருந்தால்தான் வங்கி அதைக் கடனுக்கு ஈடாகப் பிடிக்கும். அது தாய் கனகாம்பிகையின் சீதனக் காணி. தாய் காணி உறுதியை மகள் பெயருக்கு எழுதிக் கொடுக்கத் தயார்; யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி புருஷனும் சம்மதக் கையெழுத்து வைக்கவேண்டும்.

சண்முகநாதன் மறுத்துவிட்டார். "மாப்பிள்ளை பொருந்தட்டும். சீதன உறுதியாவே எழுதுவம்."

"உங்கடை மாப்பிள்ளை வருமட்டும் வட்டி வாசலிலை காவல் நிக்குமோ?" என்றாள் கனகாம்பிகை.

"நிக்கும். இன்னும் இறங்கும். பத்து வருசமா இறங்கிறதைத்தானே பாக்கிறன்."

அடுத்த வருடம் நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. வட்டி இருபத்தேழு. பேசிவந்த மூன்று சம்பந்தமும் குழம்பின. சுபாஜினி நகரத்து வாடகை அறையிலேயே இருந்து வேலைக்குப் போய்வந்தாள். அவள் ஏசியிருந்தால் சண்முகநாதனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்த வருடம் பென்ஷன் எடுக்கப் போனபோது சுபாஜினியும் கூட வந்தாள். கடன் பகுதியில் இருந்த நிஹ்லா சொன்னாள்: "வீட்டுக்கடன் இப்ப பதினொன்றரை, ஐயா. ஐந்து வருசத்துக்கு மாறாது. இந்த மாத முடிவு வரைக்கும்தான்."

"பொறுத்தால் ஒன்பதரைக்கு வராதோ, பிள்ளை?"

நிஹ்லா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நாற்பது வருட வட்டி ஒரே கோடாக ஏறி இறங்கிக் கிடந்தது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு மேட்டையும் தொட்டார்.

"இது கொடிகாமத்திலை. நான்தான் மாட்டினது."

விரல் மெல்ல இறங்கி, ஒன்பதரையில் நின்றது. அந்தப் பள்ளம் அவருடைய நகத்தின் அகலம்கூட இல்லை. அதற்கு அடுத்தாற்போல் கோடு சுவர்போல நிமிர்ந்திருந்தது. நாற்பது வருடத்தில் ஒருமுறை வந்ததை அவர் வழக்கம் என்று நினைத்திருந்தார்.

"அப்பா," என்றாள் சுபாஜினி, "எனக்கு முப்பத்தேழு. பதினொன்றரை என்ரை சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். மாப்பிள்ளை வந்தால் வரட்டும், என்ரை வீட்டிலை இருத்தித் தேத்தண்ணி குடுப்பன்."

நிஹ்லா சிரிப்பை அடக்கக் கோப்பு ஒன்றைப் புரட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மூவரும் உறுதி எழுதும் நொத்தாரிசு நமசிவாயத்திடம் போனார்கள். அவர் பழக்கத்தில் பேனையைத் திறந்து, "சீதன உறுதிதானே? மாப்பிள்ளையின்ரை முழுப் பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

கனகாம்பிகை புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"சீதனமில்லை," என்றார் சண்முகநாதன். "நன்கொடை உறுதி. மகளின்ரை பேருக்கு மட்டும். நான் எவடத்திலை கையெழுத்து வைக்கவேணும்?"