கிளியாற்று மணல்திட்டு ஆராயி

பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டால் கிளியாற்று மணலிலேயே சைக்கிளை நிறுத்தித் தொழுதுவிடுவேன். அதற்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் வேண்டும். அங்கே வெள்ளரி போடும் ஆராயி, செடிக்கு மொள்ளும் ஊற்றைக் கலக்கக் கூடாதே என்று முதல் நாள் தயங்கி நின்றேன். மறு வாரம் போனபோது, சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஊற்று புதிதாகத் தோண்டியிருந்தது. ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் போட்டு, பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியும் கவிழ்த்திருந்தது. யார் தோண்டியது என்று கேட்டேன். யாரோ தோண்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் வெள்ளரிக் கொடியைத் திருப்பிவிடப் போய்விட்டாள்.

அவளிடம் வெள்ளரியும் கிர்ணியும் வாங்கி, திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்துக் கடற்கரையிலும் விற்றுவந்தேன். ஆராயி புருஷனை இழந்தவள். நிலம் கிடையாது. கிளியாறு பாலாற்றில் வந்து சேரும் மூலையில் ஒரு மணல்திட்டு, அதுதான் அவள் பிழைப்பு.

கிளியாறு பெரிய ஆறு இல்லை. மதுராந்தகம் ஏரி நிறைந்து வழிகிற தண்ணீரை வாங்கிக்கொண்டு பாலாற்றுக்கு வரும். மழை போனதும் மேலே மணல் காயும், தண்ணீர் அடியில் ஓடும். ஒரே தடத்தில் கிடக்கிற ஆறும் இல்லை. ஆராயி ஊர்ப் பனந்தோப்பில் கிணறு வெட்டினால் ஆற்று மணலும் நத்தை ஓடும்தான் வரும். ஒரு காலத்தில் அவ்வழியே ஓடியிருக்கிறது. படுகையில் யாருக்கும் பட்டா இல்லை. மழை விட்டதும் யார் முதலில் ஊற்றுத் தோண்டி முள்வேலி போடுகிறார்களோ, அந்தப் பருவத்துக்குத் திட்டு அவர்களுடையது. இரு கரைக்கும் அதுதான் வழக்கம்.

எழுபத்தேழாம் வருஷத்து மழையில் கிளியாறு தெற்கே சாய்ந்து, இன்னும் கீழே போய்ப் பாலாற்றில் விழுந்தது. ஆராயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாதம் பழைய இடத்திலேயே குழி போட்டு, எரு வைத்து, விதை ஊன்றினாள். ஈரம் இருந்தவரை முளைத்தது. மாசி பிறந்ததும் ஊற்று வறண்டது. தண்ணீர் ஆற்றோடு போய்விட்டிருந்தது. சித்திரைக்குக் காய் இல்லையென்றால் அடுத்த மழை வரை அவளுக்குச் சோறு இல்லை. அச்சரப்பாக்கம் பக்கம் கூலிக்குப் போகச் சொன்னார்கள்.

"ஆறு என்னாண்ட சொல்லிகினா போவும்? நான்தான் பாத்து இருந்திருக்கணும் பாய்" என்றாள். கூடையும் மண்வெட்டியுமாகத் தெற்கே நடந்தாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

புதுத் திட்டில் அக்கரை ஊர்க்காரன் துரை வேலி போட்டிருந்தான். வழக்கப்படி அவனுடையதுதான். ஆராயி கீழண்டைக் கோடியில், வேலியை ஒட்டி வெளியே தோண்ட உட்கார்ந்ததும் அவன் வந்துவிட்டான்.

"இன்னாமே, உங்க ஆறு வத்திப்போச்சுன்னு எங்க ஆத்துக்கு வந்துட்டியா?"

ஆராயி மணலில் பாதி புதைந்து நின்ற ஒரு கிளுவைக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிய முடிச்சு அதில் இருந்தது. போன வருஷம் அவள் தன் வேலிக்கு நட்டது. வெள்ளம் புரட்டிக்கொண்டு வந்து இங்கே ஊன்றிவிட்டுப் போயிருந்தது. துளிரும் விட்டிருந்தது.

"துரை, இது என் வேலிக் குச்சி, நான் கட்ன முடிச்சு. நீ நிக்கிற மணலும் என் திட்டு மணலுதான், ஆறு வாரிகினு வந்துச்சு. நான் வேணான்னா அத்த இந்தக் கூடையில அள்ளிக் குடு, எடுத்துகினு போயிடறேன். இல்லாங்காட்டி அதும் மேலயே நாலு குழி போட்டுக்கறேன்."

துரை குச்சியைப் பார்த்தான். அவள் நீட்டிய கூடையைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இவகூடப் பெரிய பேஜாரு பாய்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குச்சிக்குக் கிழக்கே இருந்த முள்ளை அவனே மேற்கே இழுத்துப் போட்டு, அவளுக்கு இடம் விட்டான்.

அந்த வருஷம் காய் கொஞ்சம் பிந்தியது. அல்லாஹ்வின் கிருபை, மாமல்லபுரத்தில் அப்போதுதான் வெயில் உச்சி. விற்காமல் ஒரு காயும் மிஞ்சவில்லை.

அப்புறம் எனக்கு முழங்கால் வலி வந்து, சைக்கிள் மிதிக்க முடியாமல், மகன் இருக்கும் ஆம்பூருக்கே போகும்படி ஆயிற்று. சொல்லிக்கொள்ளப் போனேன். அன்றும் அசர் நேரம். புதுத் திட்டிலும் எனக்கென்று ஒரு சின்ன ஊற்று, முள், கொட்டாங்கச்சி. நான் தொழுது எழுந்ததும் என் பையில் ஒரு கிர்ணிப் பழத்தை வைத்தாள். ஆறு இப்படி இடம் மாறினால் திரும்பி வரும்போது உன்னை எங்கே தேடுவேன் என்று கேட்டேன்.

"என்னத் தேடாத பாய். தண்ணி எங்க கீதுன்னு கேட்டுகினு வா. நானும் அங்கதான் இருப்பேன், உன் ஊத்தும் அங்கதான் இருக்கும்."