நாடிக்குக் கீழே பொத்திய கை

சம்மாந்துறை நெல் ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரர்தான் சொன்னார்: "டிரில் மாஸ்டர் மௌத்தாம். அஸருக்கு அடக்கம்." இன்னாலில்லாஹி சொன்னேன். கல்முனை வந்து சேரும்வரை துக்கத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது.

உதுமாலெவ்வை மாஸ்டர் அவர்கள் எங்கள் பாடசாலையில் உடற்பயிற்சி கற்பித்தவர். யுத்தகாலப் பட்டாளத்தில் பழகியவர். நான் அங்கே கணக்கு வாத்தியார்.

சாய்ந்தமருதில் கிழிந்த வலை பொத்தும் இஸ்மாயில் பிறவியிலேயே பார்வையற்றவர். தலை கவிழ்ந்து, நாடி, அதாவது மோவாய், எப்போதும் நெஞ்சில் முட்டிக்கொண்டிருக்கும், கழுத்து வலி வேறு. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல வேண்டும் என்பதே அவர் ஆசை. "தலை நிமிராத மனுசன் என்னெண்டு பாங்கு சொல்ற?" என்று பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் தட்டிக்கழித்தார்கள்.

மாஸ்டர் அவரைப் பாடசாலைச் சுவரோடு நிறுத்தினார். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும். நாடியை உள்ளே இழுத்துப் பத்து மூச்சு நிற்க வேண்டும். கண்ணாடி பார்க்க முடியாதவருக்கு ஓர் அளவும் கொடுத்தார்.

"கையைப் பொத்தி நாடிக்குக் கீழ வெச்சுப் பாருங்க. கை போனா தலை நிமிந்திரிக்கி. போகாட்டி நீங்க நிலத்தோடதான் கதைக்கிறீங்க."

மாரி முடிவதற்குள் இஸ்மாயிலின் தலை நிமிர்ந்தது, வலியும் குறைந்தது. அவர் ஒருநாள் சுவரோரம் நின்று பாங்கு சொன்னபோது வகுப்புகள் அடங்கிப்போயின.

பள்ளியிலும் பாங்கு சொல்ல அவரையே வைத்தார்கள். ஊருக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சியப் பார்த்துக் கதைக்கிறான். கண் தெரியாதவனா இவன்?" என்று தொடங்கினார் ஒரு மரைக்கார். சோதித்துப் பார்க்க, ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி முற்றத்தில் இஸ்மாயில் நடக்கும் தடத்தில் ஆட்கள் உட்காரும் நீள வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டோம். ஒரு முனையைப் பிடித்தவன் நான். பகிடி என்றே நினைத்தேன்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் இஸ்மாயில்.

"ஒண்டுமில்ல, நீங்க நடங்க" என்றேன்.

முகம் அடிபட விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று. பாங்கு சொல்லும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். "நிமிந்தா கள்ளன் எண்டுறாங்க மாஸ்டர். நான் குனிஞ்சே இரிக்கன்" என்று இஸ்மாயில் பயிற்சியை விட்டார்.

மறுநாள் மாஸ்டர் என்னிடம் வந்தார். "வாங்குட மத்த முனையில நீங்களாம். ஓமா?"

"ஓம்" என்றேன். அதன்பின் மௌத்தாகும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை.

அடக்கத்துக்கு முன் பள்ளியில் அஸர் தொழுகை முடிந்தது. வாங்கு போட யோசனை சொன்ன மரைக்கார், மாஸ்டரின் நற்குணங்களை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்மாயில் தடவித் தடவிப் பள்ளிச் சுவருக்குப் போனார். குதி, முதுகு, பின்தலை மூன்றையும் சுவரில் சேர்த்தார். பொத்திய கையை நாடிக்குக் கீழே வைத்தார். முதலில் போகவில்லை. மூச்சை இழுத்து, திரும்ப வைத்தார்.

"கை போகுது மாஸ்டர்" என்றார்.

பின்பு ஜனாஸாவின் பின்னால் போகத் தலை நிமிர்ந்தபடியே நடந்து வந்தார். மாஸ்டரைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி வைத்திருந்த வாங்கு வழியில் கிடந்தது. ஓடிப்போய் அதை இழுத்தேன். வாங்கின் கால்கள் தரையில் உராய்ந்த ஓசை கேட்டதும் இஸ்மாயில் நின்றுவிட்டார். அவருடைய நாடி மெல்ல இறங்கி நெஞ்சில் முட்டியது.

மாஸ்டர், உங்கள் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும். "ஒண்டுமில்ல, நீங்க நடங்க" என்று இம்முறை உண்மையாகவே சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வாய் வரவில்லை.